சுண்டைவற்றல் கணக்கு

காப்பிக்கு முன்னால் குனிந்து
தட்டில் கிடப்பவற்றை எண்ணுகிறேன்.
உருண்டையாய், உலர்ந்து, ஒரே அளவில்
சுண்டைவற்றல் போல் கிடந்தால்
இந்த வீட்டில் எல்லாம் நலம்.
முடியில் கோத்த மணிகளாய் வந்தால்
சீப்பைத் தேட வேண்டும்.
சிறுத்துப்போனால்
புல் குறைந்திருக்கிறது என்று பொருள்.
ஒன்றுமே இல்லாவிட்டால்

நேற்று ஒன்றுமே இல்லை.

பதினோராம் மாடி, ஈசூன்.
ஏப்ரல் வெயில் சுவருக்குள் குடிபுகுந்து
ராத்திரியிலும் காலி செய்ய மறுக்கிறது.
உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி
விசிறிக்குக் கீழே கிடத்திவைப்பேன்.
அதன்மேல் காதைச் சாய்த்துக்கொண்டு
கொழுக்கட்டை நீட்டி நிமிர்ந்து படுக்கும்.
நேற்று அது
சோபாவுக்கு அடியில் முதுகைக் கூனிக்கொண்டு
பல்லை நறநறவென்று கடித்தது.
காதைத் தொட்டேன்.
இந்த வெக்கையில்
சில்லென்று இருந்தது.

என்ன குறை வைத்தேன்?
எங்கோ அமெரிக்காவில் அறுத்த புல்
கப்பலேறி, லாரியேறி,
எங்கள் லிப்டிலும் ஏறி வருகிறது.
நிற்காமல் வளரும் பல்லுக்கு
நிற்காமல் மெல்ல அதுதான் வேண்டும்.
தேக்காவில் ஜமாலுதீன்
மல்லிக்கட்டின் ஈரத்தை உதறித் தருவார்,
"உங்க பிள்ளைக்குத்தானே?"
கேரட் அதற்கு மிட்டாய் மாதிரி என்று
பக்கத்து வீட்டு ரொஹாயாவுக்குப் புரியவைக்க
ஒரு வருஷம் ஆயிற்று.
"கார்ட்டூன்ல தின்னுதே?" என்பார்.
விசிறி ஒயர்களுக்கெல்லாம் குழாய்ச் சட்டை போட்டேன்.
நாற்காலிக் காலை மட்டும் விட்டுக்கொடுத்தேன்.

இரவு ஒன்றே முக்காலுக்கு டாக்சி.
பையை எட்டிப் பார்த்த ஓட்டுநர்
கேட்காமலே ரேடியோவை அணைத்தார்.

டாக்டர் லியூ கேட்டார்:
கடைசியாக எப்போது சாப்பிட்டது?
மூன்று பத்துக்கு. துளசி, இரண்டு இலை.
கடைசியாக எப்போது கழித்தது?
முந்தாநாள் ராத்திரி. பன்னிரண்டு. சிறியவை.
அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.
துண்டைப் பிடித்திருந்த இளம்பரிதியும் பார்த்தார்.

போன மாதம் பாலிகிளினிக்கில்
இதே கேள்விகளை
இவரைப் பற்றிக் கேட்டார்கள்.
நான் இவர் முகத்தைப் பார்த்தேன்.
இவர் சுவரில் இருந்த கொசு ஒழிப்புப் படத்தைப் பார்த்தார்.
"வெறும் கேஸ்டிரிக்."

குடல் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.
தோலுக்கடியில் உப்புநீர், வலிக்கு ஓர் ஊசி.
"இதற்கு வாந்தி எடுக்க வராது.
வலிக்கிறது என்று காட்டவும் வராது.
காட்டினால் முதலில் பார்ப்பது பருந்துதான்."
ஈசூனில், கதவு சாத்திய வீட்டில்,
பருந்து எங்கிருந்து வரும்?
அதற்கு அதெல்லாம் தெரியாது.

நாலு மணிக்குத் தரையில் உட்கார்ந்து
பச்சைக் கூழை ஊசிக்குழலில் நிரப்பினோம்.
கடைவாய்ப் பக்கமாக ஒரு மில்லி.
மெல்லும்வரை காத்திருக்க வேண்டும்.
அப்புறம் இன்னொன்று.
பாதி கூழ் இவர் சட்டையில்.
"தங்கம்ல, ஒரு வாய், ஒரே வாய்"
என்று இவர் கெஞ்சுவதைக் கேட்டு
எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

"நீங்க சாப்பிட்டீங்களா?"
"ம்."
"என்ன சாப்பிட்டீங்க?"
விசிறிதான் சுற்றியது.
எழுந்து போய் ரசத்தைச் சூடாக்கினேன்.
குழையப் பிசைந்து வைத்தேன்.
மூன்று வாய் சாப்பிட்டார். எண்ணினேன்.

ஆறு இருபதுக்குத் தட்டில் ஒன்று.
சுண்டைவற்றல் இல்லை. மிளகுதான்.
உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய்
இவரை எழுப்பினேன்.
கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் வைத்துப் பார்த்து
"சின்னதா இருக்கே" என்றார்.

"இருக்கு" என்றேன்.